மருட்சியும் சவுக்கும்: தடைதாண்டற் குதிரையோட்ட வரலாற்றில் ஒரு வினா

வரலாறு என்பது அரசர்களின் பட்டியலும் போர்களின் பட்டியலுமே என்று கருதப்பட்ட காலம் கழிந்துவிட்டது. உழவரும் தொழிலாளரும் பெண்களும் வரலாற்றின் பக்கங்களில் தமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெற்றுள்ளனர். எனினும், அந்த அரசர்களைச் சுமந்ததும் அந்தப் போர்களிலே மாண்டதுமான குதிரை இன்னமும் வரலாற்றாசிரியருக்கு ஒரு வாகனமாகவே தென்படுகின்றது. அதற்கு மொழி இல்லை. ஆதலால் ஆவணமும் இல்லை. அதனைப் பற்றி நாம் அறிவன யாவும் அதன் முதுகில் அமர்ந்திருந்தோர் எழுதிவைத்தவையே. சவுக்கைப் பிடித்த கை எழுதிய ஏடுகளிலிருந்து, சவுக்கடி பட்ட உயிரின் வரலாற்றை எவ்வாறு மீட்பது என்பது வரலாற்று மாணவர் எவரும் எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

இக்கட்டுரை அத்தகையதொரு சிறு முயற்சி. இங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், தடைதாண்டற் குதிரையோட்டப் போட்டிகளில் மருளும் இயல்புடைய குதிரைகள் மீதும் மட்டக்குதிரைகள் மீதும் சவுக்கு வன்மையாகப் பயன்படுத்தப்படுவதாகும். இப்போட்டி நம் நாட்டிற் பரவலாக அறியப்பட்டதன்று. ஆதலின் அதன் இயல்பை முதலிற் கூறுதல் தகும். வேலியிடப்பட்ட ஒரு திடலில் வண்ணந்தீட்டிய மரக்கோல்களாலான தடைகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். குதிரையும் அதனைச் செலுத்துபவரும் அவற்றைக் குறித்த ஒழுங்கில், குறித்த நேரத்துள் தாண்டுதல் வேண்டும். கோலொன்று வீழ்ந்தால் குற்றப்புள்ளி. குதிரை தடையின் முன்னே நின்றுவிட்டாலும் குற்றப்புள்ளி. நேரம் கடந்தாலும் குற்றப்புள்ளி. தோள்வரை 148 சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரமுடையனவே இப்போட்டிகளில் மட்டக்குதிரைகள் எனக் கொள்ளப்படுகின்றன. இவற்றைப் பெரும்பாலும் சிறுவரும் இளைஞரும் செலுத்துவர்.

தடையை நோக்கி ஓடிவரும் மட்டக்குதிரை, இறுதிக் கணத்தில் முன்னங்கால்களை ஊன்றி நின்றுவிடுகின்றது என்று கொள்வோம். அது ஏன் நின்றது? அஞ்சியதா? நோவினாலா? அன்றிக் கீழ்ப்படிய மறுத்ததா? இதற்கு விடைகூறச் செலுத்துபவருக்குக் கிடைப்பது ஒரு சில விநாடிகளே. அச்சம் என்று விடை கூறினால் பொறுமை வேண்டும். பொறுமைக்கு நேரம் வேண்டும். நேரமோ போட்டியிற் கிடையாது. அடங்காமை என்று விடை கூறினால் சவுக்கு கையிலேயே இருக்கின்றது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வினாவுக்கு மனிதர் கூறிவந்த விடைகளே இக்கட்டுரையின் பொருளாகும்.

செனபோனின் முரண்பாடு

குதிரையேற்றம் பற்றி முழுமையாக நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கிரேக்க நூல், கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் ஏதென்சைச் சேர்ந்த செனபோன் எழுதியதாகும். சோக்கிரதீசின் மாணாக்கராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய இவர், குதிரையைச் சினத்தோடு அணுகுதல் ஆகாது என்பதைத் தலையாய விதியாக வகுத்தார். குதிரை ஒரு பொருளைக் கண்டு மருளுமாயின் அதனை அடித்தல் தவறு என்பது அவர் கருத்து. அடிபடும் குதிரை, தான் படும் நோவுக்குக் காரணம் தான் கண்டு அஞ்சிய அந்தப் பொருளே என்று கொள்ளும். அதனால் அச்சம் குறையாது, மிகும். ஆகவே செலுத்துபவர் தாமே அப்பொருளைத் தொட்டுக் காட்டிக் குதிரையை மெல்ல அதனருகே கொண்டுசெல்ல வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் உளவியலாளர் ஆய்வுகூடங்களில் நிறுவிய உண்மையொன்றை அவர் குதிரை இலாயத்திலேயே கண்டுகொண்டார் எனலாம்.

இத்துடன் நின்றிருந்தால் செனபோனைக் கருணையின் முன்னோடி எனப் போற்றி இக்கட்டுரையை முடித்துவிடலாம். பலரும் அவ்வாறே போற்றியுள்ளனர். ஆனால் அதே நூலில், குதிரைக்குப் பாயக் கற்பிக்கும் பகுதியிற் காணப்படுவது வேறொன்றாகும். பள்ளத்தைத் தாண்டப் பழக்கும்போது செலுத்துபவர் முதலில் தாம் தாண்டிக் குதிரையைக் கயிற்றாற் பின்னே அழைக்க வேண்டும்; அது மறுக்குமாயின், வேறொருவர் பின்னாலிருந்து சவுக்காலோ கோலாலோ வலுவாக அடிக்க வேண்டும்; அப்போது அது வேண்டிய தூரத்தை மட்டுமன்றி அதனிலும் மிகுதியான தூரத்தைப் பாய்ந்து கடக்கும்; பின்னர் அடிக்கவே வேண்டியதில்லை, எவராவது பின்னால் வரக் கண்டாலே பாய்ந்துவிடும் என்று அவர் எழுதுகின்றார்.

மருளும் குதிரையை அடிக்காதே என்றவரும், பாய மறுக்கும் குதிரையை அடி என்றவரும் ஒருவரே. இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. பள்ளத்தின் முன் நிற்கும் குதிரையும் மருளும் குதிரையே என்பது அவருக்குத் தோன்றாமற் போனது ஏன்? பாய்தல் என்பது மனிதனுக்கு உடனடித் தேவையாக இருந்தமையே காரணம் எனக் கருத இடமுண்டு. போர்க்களத்தில் பள்ளத்தைக் கடக்காத குதிரை, தன்மேல் இருப்பவரின் உயிரைப் போக்கிவிடும். தேவை மிகும்போது அச்சம் அடங்காமையாகப் பெயர் மாறுகின்றது. வேண்டியதினும் மிகுதியாகக் குதிரை பாய்ந்ததை அவர் சவுக்கின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டினார். நாம் அதே செய்தியை அச்சத்தின் அளவுக்குச் சான்றாக வாசிக்கலாம். பள்ளத்தை மட்டும் கருதிய குதிரை பள்ளத்தின் அகலத்தையே தாண்டும்; பின்னால் நிற்பவரைக் கருதிய குதிரைதான் அளவு கடந்து பாயும்.

நேப்பிள்சும் பாரிசும்

மறுமலர்ச்சிக் கால இத்தாலியிலே குதிரையேற்றம் மேன்மக்களின் கலையாக வளர்ந்தது. நேப்பிள்சைச் சேர்ந்த பெடரிக்கோ கிறிசோனே 1550 இல் வெளியிட்ட நூல் ஐரோப்பா எங்கும் பரவியது. குதிரையைத் தடவிக்கொடுத்தலையும் அந்நூல் கூறாமலில்லை. ஆயினும் பிடிவாதமுடைய குதிரைகளுக்கு அது விதித்த தண்டனைகள் வாசிப்போரைத் திடுக்கிடச் செய்வன. நகரங்கள் விடுபட்ட நிலையிற் பூனையொன்றைக் கோலில் கட்டிக் குதிரையின் கால்களுக்கிடையே நீட்டுதலும், முள்ளெலியை வாலின்கீழ்க் கட்டுதலும் அவற்றுட் சில. இங்கு அச்சம் என்ற விளக்கத்துக்கே இடமில்லை. நகர மறுக்கும் குதிரை தன் தலைவனை எதிர்க்கும் குடியாகவே நோக்கப்பட்டது. மக்களைச் சித்திரவதையால் அடக்கிய அக்கால ஆட்சிமுறையின் சாயல் இலாயத்திலும் படிந்திருந்தது எனின் அது மிகையாகாது.

இம்மரபிலிருந்து விலகிய ஒருவர் அந்துவான் டி புளுவினெல். நேப்பிள்சிலே பயின்று பிரான்சுக்குத் திரும்பிய இவர், இளம் மன்னர் 13 ஆம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்தார். அவர் இறந்தபின் 1623 இல் வெளிவந்த நூல், மன்னருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான உரையாடலாக அமைந்தது. குதிரையின் உடலை வருத்துவதினும் அதன் அறிவைப் பயிற்றுதல் வேண்டும், தண்டனையைச் சிக்கனமாகவும் பாராட்டைத் தாராளமாகவும் வழங்குதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1733 இல் தம் பெருநூலை நிறைவுசெய்த டி லா கெரினியேர் இவ்வழியை மேலும் செம்மைப்படுத்தினார்.

எனவே, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் ஐரோப்பியக் குதிரையேற்றம் கொடுமையிலிருந்து கருணைக்கு வந்துவிட்டது என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் புளுவினெலும் டி லா கெரினியேரும் கற்பித்தது மூடிய மண்டபங்களில் நடைபெற்ற ஒரு கலையாகும். அங்கே அவசரமில்லை, ஒரு குதிரையைப் பயிற்ற ஆண்டுகள் பல இருந்தன. கருணைக்கு வேண்டிய நேரம் அரசவையிலே கிடைத்தது. அந்த நேரம் கிடையாத வேறோர் உலகம் அப்போது இங்கிலாந்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

வேலிகள் எழுந்தன

இங்கிலாந்தின் பொதுநிலங்கள் அடைப்புச் சட்டங்களால் தனியாருடைமையான வரலாறு பொருளியல் மாணவர் நன்கறிந்தது. 1604 தொடக்கம் 1914 வரை 5,200 க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. இவற்றுட் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டின் பின்னரைப்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்தவை. சிறு உழவனின் வாழ்வைச் சிதைத்த அதே வேலிகள், நரிவேட்டையாடும் நிலக்கிழாருக்கு ஒரு புதிய இன்பத்தையும் அளித்தன. திறந்த வெளியில் ஓடிய குதிரை இப்போது வேலிகளையும் அகழிகளையும் தாண்ட வேண்டியதாயிற்று. தடைதாண்டற் போட்டியின் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது. நிலவுடைமை மாற்றம் ஒரு விளையாட்டைத் தோற்றுவித்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1868 இல் டப்ளின் நகரக் குதிரைக் கண்காட்சியில் உயரப் பாய்தலும் அகலப் பாய்தலும் போட்டிகளாக நடத்தப்பட்டன. 1900 ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் விழாவிலும் குதிரைப் பாய்ச்சற் போட்டிகள் இடம்பெற்றன. அங்கே உயரப் பாய்தலில் இரு குதிரைகள் 1.85 மீற்றர் தாண்டி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. 1912 இன் ஸ்ரொக்ஹோம் விழாவிலிருந்து குதிரையேற்றம் ஒலிம்பிக்கில் நிலைபெற்றது. 1921 இல் பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் அமைந்தது. வேட்டைக்களத்தில் ஒருவருக்கொருவர் காட்டிய வீரம், இப்போது அளவுகோலும் மணிக்கூடும் பரிசும் பார்வையாளரும் கொண்ட போட்டியாகிவிட்டது.

கப்பிரில்லி கண்டது

இக்காலம்வரை தடையைத் தாண்டும்போது செலுத்துபவர் பின்னோக்கிச் சாய்ந்து, கடிவாள வாரை இறுகப் பிடித்திருப்பதே முறையாக இருந்தது. அக்கால ஓவியங்களில் இந்நிலையை எங்கும் காணலாம். இதன் விளைவைக் குதிரையின் பக்கத்திலிருந்து நோக்கிய முதல்வர்களுள் ஒருவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரியான பெடரிக்கோ கப்பிரில்லி (1868–1907) ஆவார். முதுகில் எவருமின்றித் தானாகப் பாயும் குதிரையை அவர் கூர்ந்து நோக்கினார். நிழற்படங்களின் துணையையும் கொண்டார். தடையின் மேலே குதிரை தன் கழுத்தை நீட்டி முதுகை வளைக்கின்றது என்பதை அவர் கண்டார். அக்கணத்திலேயே செலுத்துபவர் வாரைப் பின்னிழுத்தால் கடிவாள இரும்பு வாயைக் கிழிக்கும்; பின்சாய்ந்த உடலின் பாரம் முதுகைத் தாக்கும். ஒவ்வொரு பாய்ச்சலின் முடிவிலும் குதிரைக்குக் கிடைத்த வெகுமதி நோவே.

அவ்வாறாயின், அடுத்த தடையின் முன் அது நின்றதில் வியப்பென்ன? தடையைக் கண்டு அஞ்சியது போலத் தோன்றிய குதிரை, உண்மையில் தன்மீது இருந்தவரின் கையைக் கண்டே அஞ்சியது. அந்த அச்சத்துக்குத் தண்டனையாகச் சவுக்கு வழங்கப்பட்டது. செலுத்துபவரின் பிழைக்குக் குதிரை இருமுறை வருந்தியது.

கப்பிரில்லியின் தீர்வு எளியது. செலுத்துபவர் அங்கவடியைக் குறுக்கி, உடலை முன்னே சாய்த்து, கையைக் குதிரையின் வாயோடு முன்செல்ல விடவேண்டும் என்பதே அது. தோர் டி குவின்ரோவிலும் பினெரோலோவிலும் இருந்த குதிரைப்படைப் பள்ளிகளிலே பரவிய இம்முறை, சில பத்தாண்டுகளுள் உலகெங்கும் ஏற்கப்பட்டது. இன்று தடை தாண்டும் எவரும் அவர் வகுத்த நிலையிலேயே அமர்கின்றனர். ஆயினும் அவர் கண்டுபிடிப்பின் உட்கருத்து, அதாவது குதிரை மறுக்குமாயின் முதலிற் செலுத்துபவர் தம்மையே ஐயுறவேண்டும் என்பது, அந்த இருக்கைநிலை பரவிய அளவுக்குப் பரவியது எனக் கூறமுடியாது. உடலின் நிலையைக் கற்பித்தல் எளிது. தன்னையே ஐயுறும் மனத்தைக் கற்பித்தல் அரிது.

கப்பிரில்லி மறைந்த 1907 ஆம் ஆண்டிலேயே ஒஸ்கார் புங்ஸ்ற் என்பவரின் ஆய்வொன்று வெளிவந்தது. கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ‘ஹான்ஸ்’ என்னும் குதிரையை அவர் ஆராய்ந்தார். அது கணக்கை அறியவில்லை. வினவுபவரின் தலையிலும் உடலிலும் அவரே அறியாமல் நிகழ்ந்த மிக நுண்ணிய அசைவுகளைக் கண்டு, எப்போது குளம்பு தட்டுதலை நிறுத்தவேண்டும் என அறிந்துகொண்டது என்பதை அவர் நிறுவினார். மனிதரே உணராத அசைவை உணரும் உயிர், தன் முதுகில் அமர்ந்திருப்பவரின் நடுக்கத்தை உணராதிருக்குமா? மருளும் குதிரையின் மேல் மருளும் மனிதர் அமர்ந்தால் அச்சம் இருவரிடையே மாறிமாறி வளரும். சவுக்கு அந்த வளர்ச்சியை விரைவுபடுத்துமேயன்றி நிறுத்தாது.

சட்டம் கேட்ட கேள்வி

அறிவு இவ்வாறு முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருக்கையில், சட்டம் வேறொரு வழியால் வந்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அயர்லாந்து உறுப்பினரான றிச்சாட் மாட்டின் கொண்டுவந்த சட்டம் 1822 இல் நிறைவேறியது. குதிரை, கழுதை, மாடு, செம்மறி முதலியவற்றைக் கொடுமையாக அடிப்போருக்குப் பத்துச் சிலிங் முதல் ஐந்து பவுண் வரை தண்டம் விதிக்க அது இடமளித்தது. 1824 இல் இலண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. 1877 இல் ஆனா சியூவெல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ என்னும் நாவல், குதிரையே தன் கதையைக் கூறுவதாக அமைந்து மக்கள் மனத்தை உருக்கியது. வன்முறையாற் பழக்கப்பட்டமையாலேயே முரடாகிவிட்ட ‘ஜிஞ்சர்’ என்னும் குதிரை, அடங்காமை எனப்படுவதன் பின்னே ஒரு வரலாறு உண்டு என்பதை வாசகருக்கு உணர்த்தியது. இதே சட்ட மரபின் ஒரு கிளையே இலங்கையில் 1907 இல் வந்த 13 ஆம் இலக்க விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டமாகும்.

இச்சட்டங்கள் பெரும் பயன் விளைத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றின் எல்லையையும் காணவேண்டும். இவை அடித்தலைத் தடைசெய்யவில்லை. கொடுமையாக அடித்தலையே தடைசெய்தன. தேவையான அடி எது, தேவையற்ற அடி எது என்பதை யார் தீர்மானிப்பது? பாரவண்டிக்காரன் தெருவில் அடித்தபோது அது கொடுமை என எளிதிற் புலப்பட்டது. கனவான் வேட்டைக்களத்திலோ போட்டித் திடலிலோ அடித்தபோது அது பயிற்சி எனப் பெயர் பெற்றது. தொடக்ககால வழக்குகளில் ஏழைத் தொழிலாளரே பெரிதும் தண்டிக்கப்பட்டமை, கருணையும் வர்க்க வேறுபாட்டிலிருந்து விடுபட்டதன்று என்பதைக் காட்டுகின்றது.

படைவீரரும் சிறுவரும்

இரண்டாம் உலகப் போர்வரை தடைதாண்டற் போட்டிகளிற் படை அதிகாரிகளே மேலோங்கி நின்றனர். போருக்குப் பின் குதிரைப்படைகள் மறையவே, அவ்விடத்தைப் பொதுமக்களும் பெண்களும் சிறுவரும் நிரப்பினர். 1956 இல் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக் தடைதாண்டலிற் பங்குகொண்டனர். பிரித்தானியாவிலே 1929 இல் தொடங்கிய மட்டக்குதிரைக் கழகம் பெருகி வளர்ந்தது. சிறுவர் கையில் கடிவாளத்தோடு சவுக்கும் வந்தது.

மட்டக்குதிரையின் ஆற்றலைத் தாழ்வாக மதித்தல் தவறு. 1968 இன் மெக்சிக்கோ ஒலிம்பிக் விழாவில் மரியன் கோக்ஸ் செலுத்திய ‘ஸ்ரோலர்’ என்னும் மட்டக்குதிரை, தன்னிலும் மிக உயர்ந்த குதிரைகளோடு போட்டியிட்டுத் தனியாள் பிரிவில் வெள்ளிப்பதக்கம் பெற்றது. அதே விழாவின் அணிப்போட்டியிலோ அது தடுமாறி வெளியேற நேர்ந்தது. அவ்வேளை அது பல்நோயால் வருந்திக்கொண்டிருந்தது. உலகறிந்த ஒரு குதிரையாதலால் அதன் தோல்விக்குக் காரணம் தேடப்பட்டது, கண்டறியவும்பட்டது. பெயரற்ற ஆயிரம் மட்டக்குதிரைகள் தடையின் முன் நின்றபோது எத்தனை பேர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருப்பர்?

குதிரை நிற்பதற்கான காரணங்கள் பல. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. நேர்முன்னே, நெற்றிக்கு அணித்தாக, அதற்குப் பார்வையற்ற பகுதி ஒன்றுண்டு. தலையை அசைக்க விடாது வாரை இறுக்கினால் தடை அதன் பார்வையிலிருந்து மேலும் மறைகின்றது. நிறங்களையும் அது நம்மைப் போற் காண்பதில்லை. பிரித்தானியத் தடையோட்டப் பந்தயங்களிற் பல்லாண்டுகளாகச் செம்மஞ்சள் நிறத்தில் இருந்த அடையாளப் பலகைகள், அந்நிறம் குதிரைக்குத் துலங்காது என்று எக்செற்றர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதன் பின், 2022 முதல் வெள்ளையாக மாற்றப்படலாயின. அதுவரை மனிதர் தம் கண்ணுக்குத் தெரிந்ததைக் குதிரையும் காணும் என்றே கருதியிருந்தனர்.

போட்டி விதிகளோ அச்சத்துக்கு விலை குறித்தன. முன்னர் முதல் மறுப்புக்கு மூன்று குற்றப்புள்ளியும் மூன்றாம் மறுப்புக்கு வெளியேற்றமும் விதிக்கப்பட்டன. பின்னர் முதல் மறுப்புக்கு நான்கு புள்ளியும் இரண்டாம் மறுப்புக்கே வெளியேற்றமும் என அவை கடுமையாயின. இதற்கிணையாகச் சவுக்கைக் கட்டுப்படுத்தும் விதிகளும் வந்தன. தடை தாண்டும்போது சவுக்கு 75 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது; தலையில் அடித்தல் ஆகாது; சினந்தணிக்க அடித்தல் ஆகாது; தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் அடித்தல் ஆகாது; வெளியேற்றப்பட்ட பின் அடித்தல் ஆகாது; தோல் கிழிந்தால் அது மிகையே என்பன பன்னாட்டுச் சம்மேளனம் வகுத்த விதிகள். இவற்றின் ஒவ்வோர் ‘ஆகாது’ம் முன்னர் நிகழ்ந்த ஒன்றின் சுவடு எனக் கொள்ளலாம். நிகழாத ஒன்றை எவரும் தடைசெய்வதில்லை. குதிரை எழுதாத வரலாற்றை மனிதரின் விதிப்புத்தகம் இவ்வாறு தன்னையறியாமலே எழுதிவைத்துள்ளது.

திடலுக்கு வெளியே நிகழ்வன வேறு. பாயும் குதிரையின் கால்களில் கோலால் அடித்து, அடுத்தமுறை அதனை மேலும் உயரப் பாயச் செய்யும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 1990 இல் ஜேர்மனியில் வெளியான ஒளிப்பதிவு ஒன்று இதனை உலகறியச் செய்தது. வேண்டியதினும் மிகுதியாகப் பாயும் குதிரையைப் பற்றிச் செனபோன் எழுதிய வரிகள், இங்கே ஒரு பயிற்சி முறையாகவே வடிவெடுத்திருந்தன.

சவுக்குக்காகப் பேசுவோரின் நியாயத்தையும் புறந்தள்ளலாகாது. ஐந்நூறு கிலோகிராம் எடையுள்ள விலங்கு கட்டுமீறினால் உயிராபத்து நேரும் என்றும், தக்க கணத்தில் மெல்லத் தொடும் சவுக்கு தண்டனையன்று, காலின் குறிப்பை வலியுறுத்தும் அடையாளமே என்றும் அவர்கள் கூறுவர். தேர்ந்த கையில் இது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ‘தக்க கணம்’ குதிரை நிற்பதற்கு முன்னரே வருவது. நின்றபின் விழும் அடியிலிருந்து குதிரை கற்கக்கூடியது ஒன்றே: இந்தத் தடையின் அருகே நோவு உண்டு. பந்தயக் குதிரைகள் பற்றி 2011 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சவுக்கடிக்கும் வேகத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. 2020 இல் சிட்னி ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், நோவை உணரும் நரம்பு முனைகளின் செறிவில் குதிரையின் மேற்றோலுக்கும் மனிதரின் மேற்றோலுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் காட்டப்பட்டது. தடித்த தோலுடைய விலங்கு, உறைக்காது என்ற பழைய ஆறுதலும் இதனால் அற்றுப்போகின்றது. நோர்வே 1982 இலேயே குதிரைப் பந்தயங்களிற் சவுக்கடியைத் தடைசெய்தது; அதனாற் பந்தயங்கள் அழிந்துவிடவில்லை.

ரோக்கியோவில் ஒரு நாள்

2021 ஓகஸ்ற் 6 ஆம் திகதி, ரோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் இவ்வரலாறு முழுவதும் சில நிமிடங்களுள் உலகின் கண்முன்னே மீண்டும் நடந்தேறியது. அக்காலத்தில் இப்போட்டியில் வீரர்கள் தாம் முன்னர் அறியாத குதிரையொன்றைத் திருவுளச் சீட்டு மூலம் பெற்றனர். இருபது நிமிடமே பழகுவதற்குக் கிடைத்தது. முதலிடத்தில் நின்ற ஜேர்மன் வீராங்கனைக்குக் கிடைத்த ‘செயின்ற் போய்’ என்னும் குதிரை, அதற்கு முன்னரே மற்றொரு வீராங்கனையிடம் பாய மறுத்திருந்தது. திடலுள் நுழைந்ததும் அது மருண்டது, பின்வாங்கியது. வீராங்கனை கண்ணீர் வடித்தார். அழுதுகொண்டே சவுக்கால் அடித்தார். அடிக்கும்படி வெளியே நின்று கூவிய பயிற்றுநர் தம் முட்டியாலும் குதிரையைக் குத்தினார். பதக்கம் கைநழுவியது, வீராங்கனை 31 ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார், பயிற்றுநர் வெளியேற்றப்பட்டார்.

உலகம் சினந்தது. ஆனால் அக்காட்சியில் அச்சத்தால் நடுங்கியவை இரண்டு உயிர்கள் என்பதைப் பலர் நோக்கவில்லை. பல்லாண்டு உழைப்பு கண்முன்னே கரைவதைக் கண்ட ஓர் இளம்பெண். ஏன் அடிக்கப்படுகின்றோம் என்று அறியாத ஒரு குதிரை. இருவருக்குமே நேரம் கொடுக்கப்படவில்லை. பயிற்றுநரைத் தண்டித்தல் எளிது. இருபது நிமிடத்தில் நம்பிக்கை பிறக்கும் என்று விதி வகுத்தோரை எவர் தண்டிப்பது? அதே ஆண்டு நவம்பரில், 2024 இன் பாரிஸ் விழாவுக்குப் பின் இப்போட்டியிலிருந்து குதிரையேற்றத்தை நீக்குவதென அதன் பன்னாட்டுச் சங்கம் தீர்மானித்தது. குதிரைக்கு நேரம் கொடுப்பதினும் குதிரையையே விலக்குதல் எளிதாக இருந்தது போலும்.

முடிவுரை

அறியாமை கொடுமையை விளைத்தது, அறிவு வளரக் கருணையும் வளர்ந்தது என்று இவ்வரலாற்றை எழுதுவது இனிமையாக இருக்கும், உண்மையாக இராது. மருளும் குதிரையை அடித்தால் மருட்சி மிகும் என்பது இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஏட்டில் எழுதப்பட்ட செய்தி. அதனை எழுதியவரே, பாய்ச்சல் என்று வந்தபோது அதனை மறந்தார். அவருக்குப் பின் வந்தோரும் அறியாமையால் அன்று, அவசரத்தாலேயே மறந்தனர். போரின் அவசரம், வேட்டையின் அவசரம், மணிக்கூட்டின் அவசரம் என அதன் பெயர்கள் மாறினவேயன்றி இயல்பு மாறவில்லை. குறைவாக இருந்தது அறிவன்று. அந்த அறிவின்படி நடப்பதற்கு வேண்டிய நேரமும், மறுப்பவரின் பக்கமும் ஒரு காரணம் இருக்கலாம் என ஏற்கும் பணிவுமே.

ஆதலின் அடிகளை எண்ணும் விதிகள் தேவையானவையாயினும் போதுமானவையல்ல. மருண்டு நின்ற குதிரையைத் திடலிலிருந்து அமைதியாக வெளியே அழைத்துச் செல்லும் சிறுவனோ சிறுமியோ அதனால் எதையும் இழக்காத ஒரு போட்டி முறை அமையும்போதே மாற்றம் பிறக்கும். மட்டக்குதிரையின் முதுகிலேதான் ஒரு குழந்தை முதன்முதலாகத் தன்னினும் வலிய, ஆயினும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் உயிரை ஆளக் கற்கின்றது. அது நின்றபோது ‘ஏன் நின்றாய்?’ என்று கேட்கக் கற்ற குழந்தையும், அடிக்கக் கற்ற குழந்தையும் வளர்ந்தபின் ஒரே விதமான மனிதராக இருப்பர் என நான் நம்பவில்லை.

நெடுந்தீவின் வெளிகளிலே கட்டாக்காலியாகத் திரியும் மட்டக்குதிரைகளைக் கண்டோர் அறிவர்: ஒன்று தலை நிமிர்த்தினால் மற்றவையும் நிமிர்த்தும்; ஒன்று மருண்டால் கூட்டமே ஓடும். மருட்சி அவற்றின் குற்றமன்று. அவற்றின் இனம் இத்துணைக் காலம் உயிர்வாழ்ந்ததற்கு அதுவே காரணம். அத்தகைய உயிர், தன் இயல்பை அடக்கிக்கொண்டு, மனிதர் சொல்லுக்காக ஒரு தடையை நோக்கி ஓடிவருகின்றது என்பதே வியப்புக்குரியது. நூறு முறை ஓடிவந்து ஒருமுறை நின்றுவிட்டால், அந்த ஒருமுறைக்குக் காரணம் கேட்பது அதற்கு நாம் செலுத்தவேண்டிய மிகச் சிறிய கடனாகும்.